நாலாவது பூட்டு

"ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். பூட்டுதான் பேசுறேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்கண்ணா, கதவு மோட்டார் எங்கே?... எந்த மோட்டாரா? நம்ம ஸ்டோர்ல இருந்ததே ஒண்ணுதான், இதுல எந்த மோட்டார்னு வேற கேக்குறீங்க... ம்... ம்... ஸ்டோர்க்காரர் சொல்லிட்டார். கிளினிக்குக்குன்னு சொல்லி நீங்கதான் வாங்கிட்டுப் போயிருக்கீங்க. அங்க நம்ம மெக்கானிக் மீசை லிஃப்ட் மேல ஏறி உட்கார்ந்துகிட்டு வழியைப் பார்த்துக்கிட்டிருக்கார். இப்பத்தான் போன் பண்ணி என்னைத் திட்டினார்... வந்துக்கிட்டிருக்கா? ஸ்டோர்ல இருந்து கிளினிக்குக்கு நடந்தே போயிடலாம். அந்த மோட்டாருக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டா கூட்டிட்டுப் போறீங்க?"

மறுமுனையில் இருந்தவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் 'உடனே' என்று பெயர். வாடிக்கையாளர்களைச் சமாளிப்பது அவர் வேலை. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை அது. பல சமயம் கடைசி வார்த்தையும் அதுதான். ஏனென்றால் அதற்கப்புறம் அவர் போனை எடுக்க மாட்டார். அவர் எடுக்காத போனெல்லாம் சுற்றி வளைத்து, இந்த முனையில் பேசிக்கொண்டிருந்தவள் மேசைக்கு வரும். மெக்கானிக்குகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவள் அவள். வீட்டில் முதல் பட்டதாரி. 'பூட்டு' என்ற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவர் உடனேதான். கேலிக்கு வைத்தார். அவள் அதை மெடல் மாதிரி சட்டையில் குத்திக்கொண்டாள்.

"சரி, மோட்டாரை விடுங்க. மெக்கானிக் அரைக்கிலோ எங்கே?... ஆபீஸ் கட்டடத்துலயா? அங்க என்ன பண்றார்? அந்த லிஃப்டுக்குக் கயிறே இன்னும் வந்து சேரலையே... ம்... கயிறு வரலைன்னா அவர் கிளினிக்குக்குப் போய் மீசைக்கு ஒத்தாசை பண்ணணும். அதுதானே பேச்சு?... சும்மா இருந்தாரா? சும்மா இருந்தா இருந்துட்டுப் போறார்ண்ணா. ஆள் சும்மா இருக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியுது. லிஃப்ட் சும்மா கிடக்கிறது மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

பேசிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். அவள் மேசைக்கு நேர் எதிரே மூன்று ஆணிகள். அவளே சுத்தியல் வாங்கி அடித்தவை. ஒன்று கொஞ்சம் கோணல். மூன்றும் காலியாக இருந்தன. அப்படியென்றால் மூன்று சிவப்புப் பூட்டுகளும் வெளியே வேலையில் இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்று கண் கிளினிக்கில். ஒன்று ஆபீஸ் கட்டடத்தில். ஒன்று துணிக் கிடங்கின் சரக்கு லிஃப்டில்.

ஒரு லிஃப்டைத் திறந்து வேலை பார்க்க வேண்டுமானால், முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து அதன் கைப்பிடியில் சிவப்புப் பூட்டு போட வேண்டும். சாவி, உள்ளே இறங்குகிற ஆளின் சட்டைப் பையில் இருக்கும். அவர் வெளியே வந்து தன் கையால் திறக்கும்வரை யாராலும் மின்சாரம் கொடுக்க முடியாது. உயிரைக் காப்பதற்காக எல்லாக் கம்பெனியிலும் இருக்கிற பழைய ஏற்பாடு. அவள் அதை இன்னொன்றுக்கும் பயன்படுத்தினாள். கம்பெனியில் டஜன் கணக்கில் கிடந்த பூட்டுகளில் மூன்றை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றவற்றைப் பெட்டியில் போட்டு முதலாளியின் இரும்பு அலமாரிக்குள் வைக்கச் செய்தாள். மூன்று மெக்கானிக், மூன்று பூட்டு. மூன்று லிஃப்டுக்கு மேல் ஒரே சமயத்தில் திறக்கக் கூடாது. ஒன்று முடிந்து பூட்டு ஆணிக்குத் திரும்பினால்தான் அடுத்தது.

அதற்கு முன்பு உடனேயின் ராஜ்ஜியம். புகார் வந்த மாத்திரத்தில் ஒரு ஆளை அனுப்பி லிஃப்டைப் பிரித்துப் போட்டுவிடுவார். "திறந்து போட்டுட்டா பார்ட்டி நம்மளை விட்டு எங்கேயும் ஓட மாட்டான்" என்பது அவருடைய தொழில் ரகசியம். பாதி பிரித்த லிஃப்டை வேறு கம்பெனிக்காரன் தொட மாட்டான், அது உண்மைதான். அதனால் ஊர் பூராவும் லிஃப்டுகள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. மெக்கானிக்குகள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஓடினார்கள், எதையும் முடிக்கவில்லை. ஒன்றுக்குச் சாமான் போதவில்லை என்றால், ஏற்கெனவே திறந்து கிடக்கிற இன்னொன்றிலிருந்து கழற்றிப் போய் மாட்டினார்கள். கடைசியில் ஒவ்வொரு லிஃப்டும் மற்றதற்கு உதிரிச் சாமானாக ஆனது. ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் இருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக்கூடக் கடன் வாங்கிப் போயிருந்தார்கள்.

திட்டெல்லாம் அவள் காதில்தான் விழுந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்பெனியில் எல்லோரும் பெரியவர் என்று சொல்லும் முதலாளியிடம் போய் நின்றாள். பெரியவர் யோசித்தார். அந்த வாரம்தான் அவருடைய பல் டாக்டர், லிஃப்ட் ஓடாமல் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிய கோபத்தில், அவர் வாயைத் திறக்க வைத்துக்கொண்டு கம்பெனியைக் கிழிகிழி என்று கிழித்திருந்தார். பதில் சொல்லவும் முடியாத நிலை. அதனால் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு.

"நீயே ஒருநாள் உனக்கு வேண்டியவங்களுக்காக நாலாவது பூட்டு கேட்டு வருவே" என்றார். "அன்னைக்கு இந்தப் பெட்டி திறந்துடும். அப்புறம் மூடாது."

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து லிஃப்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. அவள் மேசைப் போன் சில மத்தியானங்களில் அடிக்கவே இல்லை.

"அண்ணா, நான் முட்டாள் இல்ல. மோட்டார் கிளினிக்குக்குப் போகலை. அரைக்கிலோ ஆபீஸ் கட்டடத்துல இல்ல. எங்கேயோ நாலாவதா ஒண்ணைத் திறந்துட்டீங்க... இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்... சொல்லுங்க... ம். தெரியும்... அதெல்லாம் அப்புறம். எந்தப் பூட்டைப் போட்டீங்க? இங்க மூணு ஆணியும் காலி. பெட்டி பெரியவர் அலமாரியில இருக்கு... என்னது?... இன்னொரு தடவை சொல்லுங்க... கைக்குட்டையா?"

நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. எழுந்து நின்றது அவளுக்கே தெரியவில்லை. அடுத்த மேசையில் பில் அடித்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு, அது மேல கைக்குட்டையைக் கட்டி வச்சிருக்கீங்க... அடையாளத்துக்கு... ரொம்ப நல்லா இருக்கு. அரைக்கிலோ இப்ப எங்க நிக்கிறார்?... லிஃப்ட் பெட்டிக்கு மேலயா? சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல தலையை விட்டுக்கிட்டு... அவரை வெளியில வரச் சொல்லுங்க. இப்ப... நீங்க 'உடனே'ன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்... யாரும் தொட மாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மொட்டை மாடி ரூம்தான். அதுக்கென்ன, மொட்டை மாடிக்கு மனுஷங்க வர மாட்டாங்களா?... சொல்லிட்டீங்களா? சத்தமா சொன்னீங்களா?... சரி. எந்தக் கட்டடம்?"

அரைக்கிலோ ஒல்லியான மனிதர். வேறு யாரும் நுழைய முடியாத இடுக்கில் நுழைந்து வருவார் என்பதால்தான் அவரை எல்லா இடத்துக்கும் இழுத்தார்கள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். கைக்குட்டையைக் கட்டி 'இறங்கு' என்று அந்த 'உடனே' மனிதர் சொன்னால் அதற்கும் தலையாட்டியிருப்பார்.

"எந்தக் கட்டடம்னு கேட்டேன்... சிரிக்காதீங்கண்ணா... ம்?... எனக்காகவா? எனக்காக எதுக்கு நீங்க..."

அப்போது போனுக்குள் ஒரு கிறீச்சொலி கேட்டது. கதவு திறக்கிற சத்தம். முதலில் மெலிதாக ஆரம்பித்து, நடுவில் இரண்டு துண்டாக உடைந்து, கடைசியில் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிற கதவு. எண்ணெய் விட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் மறக்கிற கதவு.

"அண்ணா... நீங்க எங்க வீட்டுலயா இருக்கீங்க?"

அவளும் அம்மாவும் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில். வாடகை வீடு. அந்த லிஃப்டும் இதே கம்பெனியின் பொறுப்பில்தான் இருந்தது. கதவு பாதியில் நின்றுவிடும். கையால் தள்ளினால் முனகிக்கொண்டே மூடும், லிஃப்ட் ஓடும். புகார் கொடுத்தாகிவிட்டது. கிளினிக்குக்கு அடுத்து அதன் முறை என்று அவள்தான் வைத்திருந்தாள். அம்மா தினமும் சாயங்காலம் கேட்பாள், மகள் வேலை பார்க்கிறது லிஃப்ட் கம்பெனியிலா அல்லது வேறெங்காவதா என்று. கேள்வியில் முள் இருக்கும். அம்மா தன் வயதுக்காலமெல்லாம் அடுத்தவர்களுடைய கட்டடங்களில் மாடிப்படி கழுவியவள். வாளியோடு லிஃப்டில் ஏறக் கூடாது என்று அங்கே சட்டம். அந்தப் படிகள் அவளுடைய முழங்காலை வாங்கிக்கொண்டு மகளுடைய கல்லூரிப் படிப்பைக் கொடுத்திருந்தன.

"இல்ல... நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன். ஓடிக்கிட்டிருந்த லிஃப்ட். கையால தள்ளினா ஓடும். இப்ப அதுவும் இல்லாம பண்ணியாச்சு... அரைமணி நேர வேலையா? எல்லாமே அரைமணி நேர வேலைதான்ண்ணா. கண்ணாடி கழட்டினதும் அரைமணி நேரத்துக்குத்தான்... அம்மா கேட்டாங்களா? அம்மா கேப்பாங்க. கேக்கத்தான் செய்வாங்க. பெரியவருக்குத் தெரியுமா இது?... சொல்லிட்டீங்களா? என்னன்னு சொன்னீங்க?... என்னன்னு சொன்னீங்கன்னு கேட்டேன்."

அவள் முகம் கறுத்தது.

"நான் கேட்டேன்னு சொல்லியிருக்கீங்க... நான் வந்து உங்ககிட்ட, எங்க வீட்டு லிஃப்டை நாலாவதா திறங்கன்னு கேட்டேன்... ம்... நான் கூச்சப்படுவேன்னு நீங்களே என் சார்புல... ஆஹா. என்ன ஒரு நல்ல மனசு."

இப்போது எல்லாம் விளங்கியது. அம்மாவின் முழங்கால் மீது இவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை, இருந்தது. அந்த இரக்கத்தோடு கூடவே கணக்கும் இருந்தது. நாலாவது லிஃப்ட் அவளுடையதாக இருந்துவிட்டால் போதும். பெட்டி திறந்துவிடும். அப்புறம் பழைய ராஜ்ஜியம். அதுவும் அவள் பெயரால்.

"எங்க வீட்டுக்கு அடுத்து என்ன, தினமும் உங்களுக்குப் போன் பண்ற அந்த ஓட்டலா? அதுக்கடுத்து உங்க சகலை குடியிருக்கிற கட்டடமா?... ஏன், அவருக்கும் கால் வலிக்குமே. அண்ணா, நாலாவதா வர்றது எப்பவுமே நல்ல காரணத்தோடதான் வரும். காரணம் இல்லாதவன் வந்து கேக்கவே போறதில்ல. அஞ்சாவதுக்கு அதைவிட நல்ல காரணம் இருக்கும்... ஆமா, படிச்சுட்டேன். நாலு எழுத்து படிச்ச திமிர்தான். படிக்காம இருந்தா மட்டும் எனக்குத் திமிர் இல்லாம போயிடுமா? எங்கம்மாவைப் பார்த்திருக்கீங்கல்ல... என்ன? யார்கிட்ட? வேண்டாம், அம்மாகிட்ட குடுக்காதீங்க, நான் உங்ககிட்டதான்..."

காதில் டக் டக் என்று ஒலித்தது. பெரியவர் வேறு அழைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் திரையில் மினுங்கியது. அவள் எடுக்கவில்லை.

"அம்மா... ம்... நான் ஒண்ணும் கத்தலை... சரி, கத்தினேன்... தங்கமான மனுஷனா? டீ குடுத்தியா? நல்லது. அம்மா, நான் சொல்றதைக் கேளு... இல்லம்மா, உன் காலுக்காகத்தான் நானும்... ஊருக்கெல்லாம் முறை வச்சுக்கிட்டு வீட்டுக்கு மட்டும்... ஆமாம்மா. ஆமா. வீட்டுக்கும் அதே முறைதான்... கல்நெஞ்சுன்னே வச்சுக்கோ. அரைக்கிலோ வெளியில வந்துட்டாரா? ஒல்லியா இருப்பாரே, அவர்... இன்னும் வரலையா? அண்ணன் அவரைக் கூப்பிடலையா?... டீயை வச்சுட்டு எழுந்திருக்கவே இல்லையா அண்ணன்?... ம்... என்ன துணி?"

அம்மா சொல்லச் சொல்ல அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். துவைத்த துணியைக் காயப்போட அம்மா மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். லிஃப்ட் ரூம் திறந்து கிடந்திருக்கிறது. உள்ளே ஸ்விட்ச் கைப்பிடியில் ஒரு கைக்குட்டை. மோட்டாரில் இருந்த கிரீஸையெல்லாம் துடைத்துக் கன்னங்கரேலென்று இருந்த கைக்குட்டை. வீட்டுக்கு உதவி செய்ய வந்த மனிதனுடையது. எந்தக் கட்டடத்திலும் அழுக்கைக் கண்டால் அம்மாவின் கை சும்மா இருக்காது.

"அவிழ்த்து எடுத்து... சோப்புப் போட்டு... காயப் போட்டுட்டே." அவள் குரல் இறங்கிப்போனது. "அம்மா, அது அழுக்குத் துணி இல்லம்மா. அதுதான் பூட்டு... ஸ்விட்சைத் தொட்டியா? நிஜமா தொடலையா?... சரி. இப்ப நீ மாடிக்குப் போ. போனை அவர்கிட்ட குடுக்காதே, கையிலயே வச்சுக்கோ. நீயே போ. கால் வலிக்கும், தெரியும், போ. அவரைக் கீழே ஓடிப்போய் அரைக்கிலோவை வெளியில இழுக்கச் சொல்லு... இருக்கிற இடத்துல இருந்து கத்தச் சொல்லாதே, ஓடச் சொல்லு."

படி ஏறுகிற மூச்சு கேட்டது. ஒரு மூச்சு, நிற்றல், இன்னொரு மூச்சு. இந்த மூச்சை அவள் சின்ன வயதில் எத்தனையோ கட்டடங்களில், கீழ்ப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். அப்போது ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது அந்த மூச்சை அவளே விரட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டியா?... கைப்பிடி கீழே பார்த்து இருக்கா, மேலே பார்த்து இருக்கா?... கீழே. அணைஞ்சுதான் இருக்கு, நல்லது. அதுக்கு முன்னாடி போய் நில்லு. முதுகைக் காட்டி நில்லு... யாரும்மா அங்க? யார் குரல் அது?... செகரட்டரியா? எதுக்கு வந்தார்?... லிஃப்ட் ஓடலைன்னு ஸ்விட்ச் போட... அம்மா, விடாதே. கிட்ட விடாதே அம்மா."

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. அம்மாவின் குரல் போனையெல்லாம் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. செகரட்டரி என்பவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், இரண்டாவது மாடியில் இருக்கிறவர். கட்டடத்தில் எது நின்றாலும் தானே போய்த் தட்டிப் பார்ப்பார். அம்மா அந்த மாதிரி ஆட்கள் வரும்போது வாளியை ஓரமாக நகர்த்தி, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டுப் பழகியவள். இன்றைக்கு நகரவில்லை. என்னென்ன வார்த்தைகள் சொன்னாள் என்பதை மகள் பிற்பாடு யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. அவற்றில் பாதியை அவளே முதல் தடவையாகக் கேட்டாள்.

"போயிட்டாரா?... இறங்கியே போயிட்டாரா... ம்... ம்... அரைக்கிலோவா? ரெண்டு பேரும் மேல வந்துட்டாங்களா? அரைக்கிலோ குரலைக் கேக்கணும், போனை அவர்கிட்ட நீட்டு... அண்ணே, நீங்கதானா? கை கால் எல்லாம்... சரி. நான் உங்ககிட்டயும் சண்டை போடணும், அதை நாளைக்கு வச்சுக்கலாம். இப்ப ப்யூஸைக் கழட்டி உங்க பையில போட்டுக்கோங்க... ஆமா, ரெண்டையும். போட்டாச்சா?... நல்லது."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அடுத்த மேசைப் பெண் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் மறுபடி பில் அடிக்கத் தொடங்கினாள். காதில் டக் டக் என்று பெரியவர் இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா... ம், சொல்லு... ஆமா, இப்ப ஆபத்து இல்ல. ப்யூஸ் கழட்டியாச்சு... மோட்டார் அங்கதான் இருக்கு, தெரியும்... மாட்டிட்டுப் போகட்டுமேன்னா... அம்மா..."

இதுதான் கஷ்டமான இடம். மோட்டார் அம்மாவின் காலடியில் இருந்தது. மாட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றார். ஆபத்தும் நீங்கிவிட்டது. 'சரி' என்று ஒரு வார்த்தை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவு தானாகத் திறந்து தானாக மூடும். அம்மாவின் கேள்வியில் முள் இருக்காது.

"மாட்டக் கூடாதும்மா... இல்ல. பழைய மோட்டாரைத் திரும்ப மாட்டச் சொல்லு. முன்னாடி மாதிரியே கையால தள்ளித்தான் மூடணும். புதுசு கிளினிக்குக்குப் போகணும்... அவங்க யாரோதான். எனக்கும் அவங்களைத் தெரியாது. கண்ணுல கட்டோட படி இறங்குறாங்க, ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்கிட்டு... ம்... ஆமாம்மா, நீ படிக்கட்டு கழுவித்தான் நான் பட்டம் வாங்கினேன். இல்லைன்னு எப்பச் சொன்னேன்? அதனாலதான் சொல்றேன்... நீ அழுதாலும் இதுதான்... இன்னைக்கு இதை உனக்கு மாட்டிட்டா, பெட்டி திறந்துடும். மறுபடி எல்லா லிஃப்டும் திறந்து கிடக்கும். வேற எவனுக்கோ அவசரம்னு உன் லிஃப்டுல இருந்தே இந்த மோட்டாரைக் கழட்டிட்டுப் போவாங்க. அப்ப நீ உச்சியில உட்கார்ந்திருப்பே, கீழே இறங்க வழி இருக்காது... ம்... அம்மா?... அம்மா, இருக்கியா?"

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"போனை அண்ணன்கிட்ட குடு... அண்ணா, மோட்டாரைத் தூக்குங்க. நீங்கதான். அரைக்கிலோ பழசை மாட்டிக்கிட்டிருப்பார், அவருக்குக் கை காலி இல்ல... எப்படி இறங்குறதா? படியில. லிஃப்ட் ஓடலையே, நீங்கதானே திறந்தீங்க... கனமாத்தான் இருக்கும். வழியில யாராவது 'எப்ப ஓடும்'னு கேட்டா, வழக்கமா சொல்ற வார்த்தையைச் சொல்லிட்டு வாங்க. நேரா மீசை கையில கொண்டு போய்க் குடுங்க. போனை அம்மாகிட்டயே விட்டுட்டுப் போங்க, ரெண்டு கையும் வேணும்... அப்புறம் ஏறி வந்து வாங்கிக்கலாம். பெரியவருக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்."

உடனேயின் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப்போவது கொஞ்ச நேரம் கேட்டது. மாடிக்கு மாடி நின்று, முனகி, மறுபடி நடந்தது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும். கொடியில் ஏதோ துணி படபடத்தது. அந்தக் கைக்குட்டையாகவும் இருக்கலாம்.

"அம்மா, நீ போய் உட்காரு. ப்யூஸ் அரைக்கிலோ பையில இருக்கு, இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது... ஏன்?... அவர் வெளியில வர்ற வரைக்குமா? கால் வலிக்கும்மா... சரி. நில்லு. நின்னுக்கோ."

இரண்டு பேருக்கும் கோபம். ஆனாலும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவள் கோணலாக இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அரைக்கிலோ மேலே ஏறி வந்து ப்யூஸை மாட்டுவது கேட்டது, ஏதோ ஒன்று கனைத்தது. கயிறு இழுபடும் சத்தம். பழைய லிஃப்ட் பழைய முனகலோடு கிளம்பியது.

"ஓடுதா?... கதவு?... தள்ளித்தான் மூடுதா. ம்... எப்ப சரியாகும்னா..."

இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. பக்கத்து மேசைக்காரியும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"கிளினிக் பூட்டு இந்த ஆணிக்குத் திரும்பினதும்மா. அதுக்கு முன்னாடி இல்ல. நாளைக்குன்னு சொல்ல மாட்டேன், நாளன்னைக்குன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கடுத்து நீதான். நடுவுல எவன் வந்தாலும்... அம்மா? ஹலோ?"

அம்மா வைத்துவிட்டாள்.

வைத்த மறு நொடியே போன் அடித்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ... சார்... எடுக்க முடியலை சார், வேற பேச்சுல இருந்தேன்... இல்ல சார். நான் கேக்கலை... அவர் சொன்னார், தெரியும். நான் கேக்கலை. திறந்தது அவர். மூடினது நான்... ஆமா, எங்க வீடுதான். ஆமா, எங்கம்மாதான்... மூடியாச்சு சார், பழைய மோட்டாரே ஓடுது. புதுசு படியில இறங்கி கிளினிக்குக்குப் போய்க்கிட்டிருக்கு... பூட்டா? கைக்குட்டைதான் கட்டியிருந்தாங்க... ம். அதையும் துவைச்சாச்சு... அப்புறம் யார் காவலா? எங்கம்மா நின்னாங்க சார். ஸ்விட்சுக்கு முன்னாடி... நாலாவது பூட்டுன்னே வச்சுக்கோங்க. ஆனா அதை இனிமே யாரும் கேக்க முடியாது, அதுக்கு முழங்கால் வலி... பெட்டி எங்க இருக்கு சார் இப்போ?... மேசை மேலயா? திறந்துட்டீங்களா?"

அவள் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டாள்.

"மூடுங்க சார்... இல்ல, நான் கெஞ்சலை. மூடுங்கன்னு சொல்றேன். நீங்கதான் சொன்னீங்க, நானா வந்து கேட்டாத்தான் திறக்கும்னு. நான் வரலையே... ம்... ம்... ஆமா... சரி சார்."

போனுக்குள் பூட்டுகள் ஒன்றோடொன்று மோதி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு இரும்பு அலமாரிக் கதவு கறகறவென்று நகர்ந்து அறைந்து சாத்திக்கொண்டது. சாவி திரும்பிய பிறகுதான் பெரியவர் இணைப்பைத் துண்டித்தார்.